எடைப் பதிவேடு

எங்கள் ஊருக்குப் பூட்டு புதிதில்லை.
பள்ளத்தூரில் தெருவுக்குப் பத்து வீடு
கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் கண் திறக்கும்.
மற்ற வீடுகளையும் அடைக்கச் சொன்ன அன்று
ஆட்டோவில் மைக் கட்டி வந்த பேரூராட்சிக்காரர்
பூட்டிக் கிடந்த வீடுகள் முன்னாலும் நின்று
படித்துவிட்டுத்தான் போனார்.

அதற்கு முந்தின வாரம்
நிதர்சன் பதின்மூன்று கிலோ நானூறு.
மேடையில் ஏறியவன் இறங்கமாட்டேன் என்று
குதித்துக் குதித்து அழுததில்
நானூறா முந்நூற்றைம்பதா என்று
எனக்கு இன்றும் சந்தேகம்.
அடுத்த கட்டம் ஏப்ரல். வெள்ளை.
மே, வெள்ளை.
அப்படியே இருபத்துமூன்று கட்டம்.

முட்டையும் சத்துமாவும்
வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள்.
கொடுத்தேன். கையெழுத்தும் வாங்கினேன்.
மையத்தில் உரித்துத் தட்டில் வைத்தால்
அது பிள்ளையின் முட்டை.
வாசலில் கைமாறினால்
வீட்டின் முட்டை.
குழம்பில் விழும், நாலாய் அறுபடும்,
பெரிய துண்டு வேலைக்குப் போகிறவர் தட்டுக்கு.
நான் அனுப்பிய அறிக்கையில் மட்டும்
கடைசி வரை முழுசாக இருந்தது.

நிதர்சனின் அப்பா வாட்ச்மேன்.
நாற்பத்திரண்டு அறைகளின் சாவிக்கொத்து
அவர் இடுப்பில் கிடந்தது.
அவர்கள் கிடந்தது கிணற்றடிக் கொட்டகையில்
ஓர் அறையில் ஐந்து பேர்.
அவருக்கு இருமல் கண்டதும்
தனி அறையில் படுக்க வையுங்கள் என்று
மேலிடம் சொன்னதை நானும் சொன்னேன்,
மாஸ்க்குக்குள்ளிருந்து, ஆறடி தள்ளி நின்று.
"தனி அறைக்கு எங்க டீச்சர் போறது?"
கேட்ட பாண்டிமீனாளுக்குப் பின்னால்
நாற்பத்திரண்டும் வரிசையாக நின்றன.
முதலாளி சிங்கப்பூரில். போன் எடுக்கவில்லை.
கேட்காமல் ஒரு கதவைத் திறக்க
அந்த மனுசனுக்குக் கை வரவில்லை.

சிவகங்கை ஆஸ்பத்திரியிலிருந்து
சாவிக்கொத்து பாலித்தீன் பையில் திரும்பி வந்தது.

பிறகு படிவங்கள்.
தந்தை பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து கூட்டி
எட்டு இடத்தில் எழுதினேன்.
பணம் வரும், எப்போது என்று தெரியாது.
அது வருவதற்குள் திருப்பூரிலிருந்து வேன் வந்தது.
கன்னிகாவுக்குப் பதினாலு.
கேட்டால் பதினெட்டு என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள்.
எங்கள் மையத்துச் சுவரில்
பத்து ஒன்பது எட்டு என்று பெரிதாக, நீலத்தில்;
பெயிண்டருக்குக் காசு கொடுத்தது நான்.
அந்த நாலு எண்ணையும் அழுத்திவிட்டேன்.
"மாசம் எட்டாயிரம் நீங்க தருவீங்களா?"
பாண்டிமீனாள் கோபமாகக் கேட்கவில்லை,
நிசமாகவே கேட்டாள்.
மணி அடிக்கும் முன்னே
போனை அணைத்தேன்.

மையம் திறந்தபோது
நிதர்சன் தானாக வந்தான்.
சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தான்,
அவன் எழுந்தபோது அதுவும் கூடவே எழுந்தது.
மற்றதுகள் சிரித்தன.
ஆறு வயசாச்சு, இனி ஸ்கூலுக்குத்தான் போகணும் என்றேன்.
வராமலே முடித்துவிட்டான் என் மையத்தை.
போவதற்கு முன்னால் கேட்டான்,
"வெயிட் போடுங்க டீச்சர்."
ஆறு வயதுக்கு என் பதிவேட்டில் கட்டமில்லை.
போட்டேன். இந்த முறை அழவில்லை,
முள் நிற்கும் வரை மூச்சைப் பிடித்து நின்றான்.
பதினாலு தொள்ளாயிரம்.
ஓரத்தில், பென்சிலால்.

"அக்கா எவ்வளவு இருந்துச்சு?"

பீரோவின் அடித்தட்டில் தேடினேன்.
கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது.
கன்னிகா, நாலு வயது,
பன்னிரண்டு எண்ணூறு.
ஒவ்வொரு மாதமும் நிரம்பியிருந்தது,
ஒன்றுகூட வெள்ளையில்லை.
கீழே என் கையெழுத்து.