மூன்று நிமிடம்

வைக்காட்டோவில், பால் பண்ணைகளுக்கு நடுவே
ஒரு கோல்ஃப் மைதானம்.
ஏழாம் குழிக்கு முன்னால் குளம்.
மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை
நான் அதன் அடியில் இருப்பேன்.

கண்ணுக்கு அங்கே அதிகம் வேலையில்லை.
முழங்கை வரை சேறு. விரல்தான் பார்க்கும்.
உருண்டையாய், அம்மைத் தழும்போடு இருந்தால் பந்து.
வழுக்கி விலகினால் விலாங்கு.
எங்கள் மொழியில் அதன் பெயர் டூனா.
டப்பாவில் வரும் மீன் இல்லை, இது வேறு.
குளம் அதனுடையது.
யாரும் அதை ஒப்பந்தத்தில் எழுதவில்லை.

ஒப்பந்தம் இப்படி:
தண்ணீரில் விழுந்தது எல்லாம் எனக்கு,
பந்துக்குப் பத்து சென்ட் கிளப்புக்கு.
நான் இறங்கினால் கரையில் சிவப்புக் கொடி.
கொடி நிற்கும்வரை ஏழில் யாரும் அடிக்கக் கூடாது.
செயலாளர் லயல் கையெழுத்துப் போட வைத்து
பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆடுகிறவர்களின் ஒழுங்கு வேறு.
அடுத்தவர் பந்து நீரில் விழுந்தால் சிரிக்காதே,
வானிலை பற்றிப் பேசு.
நீள்கம்பி இருந்தால் ஒருமுறை துழாவு,
மறுமுறைக்கு முன் பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிடு.
உன்னுடையதைத் தேடப்போய் வேறொன்று கிடைத்தால்
பையில் போடும்போது சுற்றுமுற்றும் பார்க்காதே.
பார்த்தால்தான் அது திருட்டு.
தேட மூன்று நிமிடம்.
அதற்குமேல் அது தொலைந்த பந்து.

தொலைந்த பின் யாருடையது?
விதிப்புத்தகத்தில் தேடினேன், இல்லை.
நான் மட்டையைத் தொட்டவள் இல்லை.
எனக்குப் பந்து என்றால் வந்து சேர்ந்த பொருள்,
அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு பையன் பிடிபட்டான்.
ராவிரி. பதின்மூன்று வயது.
இருட்டில், வெறுங்காலால் துழாவி,
ஒரு தலையணை உறைக்குள் நாற்பத்தொரு பந்து.
பல் மருத்துவர் பென்ஹாலோ வீட்டுச் சன்னல் ஏழைப் பார்த்திருக்கும்.
அவர்தான் டார்ச் அடித்தார்.

கமிட்டி கூடியது.
பையன் இனி வேலிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது.
பந்துகள் ஒப்பந்தப்படி என்னுடையவை.
உறையோடு கொடுத்தார்கள்.
உறை முழுக்க டைனோசர்கள்.
நாலு டாலர் பத்து சென்ட் கட்டினேன்,
ரசீது இருக்கிறது.
உறையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.
அவன் வீடு தெரியும்.
இன்னும் போகவில்லை.

இந்தச் செவ்வாய் கொடி நட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.
பை நிறைந்து எழப்போகும் நேரம்
தலைக்கு மேல் 'பொளக்'கென்று ஒரு சத்தம்.
குமிழிநூல் விட்டுக்கொண்டு
என் முகத்துக்கு முன்னால் இறங்கிவந்தது.
கலங்கலிலும் வெள்ளை வெள்ளைதான்.
சேற்றைத் தொடுமுன் பிடித்தேன்.
கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தால்
மூன்று சிவப்புப் புள்ளி.
அது யார் குறி என்று ஊருக்கே தெரியும்.

கம்பியின் வளையம் வந்தது.
என் தோளருகே சேற்றைக் கிண்டியது.
தள்ளிப் போய் இன்னொரு முறை.

கடிகாரத்தைத் திருப்பினேன். நாற்பது வினாடி.
இப்போது எழுந்து நீட்டினால் அவர் பந்து.
கொடியைக் கவனிக்கவில்லை, மன்னிக்கணும் என்பார்.
பரவாயில்லை என்பேன்.
அதுவும் ஒழுங்குதான்.

ஒரு நிமிடம் இருபது.
விலாங்கு ஒன்று வயிற்றை உரசி
யாரென்று பார்த்துவிட்டுப் போனது.

இரண்டு. கம்பி நான்காம் முறை.
குமிழி காட்டிக்கொடுக்குமே என்று
மூச்சைக் கஞ்சத்தனமாய் விட்டேன்.

மூன்று.

இன்னும் ஐந்து வினாடி,
விதியில் சந்தேகம் வேண்டாமென்று.

எழுந்தபோது அவர் கரையில் மண்டியிட்டிருந்தார்,
கம்பியும் கையுமாய்.
முகத்துக்கு முகம் பார்த்து, "ஓ" என்றார்.
பிறகு கொடியைப் பார்த்தார்.
பிறகு, "மூணு சிவப்புப் புள்ளி போட்டது ஒண்ணு..."

"தொலைஞ்சிருச்சு" என்றேன்.
அவர் பார்க்கப் பார்க்கப் பையில் போட்டேன்.
பத்து சென்ட்.

கொஞ்ச நேரம் இருவரும்
வானிலை பற்றிப் பேசினோம்.