நாலு நொடி

ஆடி மூன்றாம் நாள் பழைய பெட்டி செத்தது.
பிரித்தால் விசிறிக்குள் ஒரு கைப்பிடி எம்-சாண்ட்.
தொபியாஸ் அண்ணாச்சி வள்ளியூர் போய்
மைதீன் பிச்சை கடையிலிருந்து
இரண்டு பெட்டி கொண்டுவந்தார், ஒரு வார வாய்தாவில்.
"ரெண்டையும் ஓட்டிப் பாரு பிரின்சி,
ஒண்ணத் திருப்பிக் குடுத்துரணும்."

இரண்டும் சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஒன்று ஆறு வாட். நாலு கோர். விசிறி கிடையாது.
ஒன்பதாயிரத்து நானூறு.
மற்றது பதினைந்து வாட்.
இரண்டே கோர், ஆனால் ஓட்டக்காரன்.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்.
போட்டதும் தூக்கத்தில் சிணுங்கும் பிள்ளை மாதிரி
உள்ளே ஒரு சத்தம்.

பணகுடி தாண்டி, நாலுவழிச் சாலையோரம்
ஐம்பது டன் எடைமேடை.
சுற்றிலும் காற்றாலை. ஒன்று
இருநூற்றைம்பது கிலோவாட் என்றார்கள்.
கணக்குப் போட்டேன்:
ஒரு காற்றாலைக்கு நாற்பதாயிரம் ஆறு வாட் பெட்டி ஓடும்,
மிச்சமும் வரும்.
ஆனாலும் விளக்கு வைக்கிற நேரம்
எங்களுக்குக் கரண்ட் போகும்.

திங்கள்.
லாரி ஏறும், எண் நிற்கும்,
கேமரா முன்னாலும் பின்னாலும் படம் பிடிக்கும்,
சீட்டு வரும்.
எண் நின்றதிலிருந்து சீட்டு வரை
ஆறு வாட்டுக்குப் பதினோரு நொடி.
பதினைந்து வாட்டுக்கு ஏழு.
நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.
நாலு நொடிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு;
நொடி ஒன்றுக்கு அறுநூற்று இருபத்தைந்து.
எனக்கு நாள் ஒன்றுக்கு நானூற்றைம்பது.

புதன்கிழமை காற்று பிடித்தது.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயைத் திறந்தால்
தார்ப்பாய் கட்டிய லாரி மேடைமேல் நின்றபடி ஆடும்.
31,240 என்னும் எண், 31,260 என்னும்,
மனசு மாறி 31,230 என்னும்.
அது அடங்க முக்கால் நிமிடம்.
அதுவரை ஓட்டக்காரனும் சும்மாதான் இருந்தான்
சிணுங்கிக்கொண்டு.
சுடலைக்கண்ணு சன்னலுக்கு வந்துவிட்டார்.
"என்னத்தம்மா பாக்க? சீட்டக் குடு."
"வேகம் பாக்கேன், அண்ணே."
"காத்துக்கா, வண்டிக்கா?"

வியாழன் கரண்ட் போனது. பேட்டரி பழசு.
பதினைந்து வாட் இருபத்தெட்டாம் நிமிடம்
ஒரு நெல் லாரியை மேடையில் நிறுத்திவிட்டு
அணைந்தது.
வெள்ளியும் போனது.
ஆறு வாட் ஐம்பது நிமிடம் தாங்கியது.
மூடியைத் தொட்டேன்,
ஆறப்போட்ட டீ கிளாஸ் சூடு.

சனி மத்தியானம் மேடை காலி.
இரண்டையும் தூக்கிப்போய் நடுவில் வைத்தேன்.
வெளிப்பலகை காட்டியது: 0.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.
நானும் ஏறினேன்: 50.
பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு ஏறினேன்: 50.

நோட்டில் இன்னும் எழுதாத ஒன்று இருந்தது.
போன மாசத்துச் சீட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும்
மொத்தக் கணக்காக்கச் சொன்னால்
ஓட்டக்காரன் பதினாறு நிமிடத்தில் முடித்தான்.
மற்றது நாற்பத்தொன்று.
அந்த இருபத்தைந்து நிமிடம் அண்ணாச்சியுடையது அல்ல.
அவர் ஆறு மணிக்கே பைக்கை எடுத்துவிடுவார்.
எழுதுவதா என்று பேனாவை மூடித் திறந்தேன்.
கடைசியில் எழுதினேன், சின்ன எழுத்தில்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுசும் வாசித்தார்.
"மாசத்துக்கு ஒருநாத்தானட்டி."
ஓட்டக்காரனைத் தெர்மோகோலில் படுக்கவைத்து
டேப் ஒட்டினது நான்தான்.
"மிச்சக் காசுக்கு பேட்டரி மாத்திரலாமா, அண்ணாச்சி?"
"பாப்போம்."

முப்பத்தொன்றாம் தேதி. எட்டு மணி ஐந்து.
பட்டை அறுபத்திரண்டில் நிற்கிறது.
வடக்கன்குளத்துக்குக் கடைசி பஸ் எட்டே கால்.
அறைக்குள் சத்தமே இல்லை,
விசிறி இல்லாத பெட்டி.
சுற்றுவதெல்லாம் வெளியே, இருட்டில்,
சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு.

அறுபத்து மூன்று.