இரண்டு மீட்டர் தள்ளி

லபீபின் நெஞ்சில் கருவி வைத்து அனுப்பியபோது
கைப்பேசி எந்தப் பையில், படுக்கை எந்தப் பக்கம்,
எல்லாம் சொல்லிவிட்டார் மருத்துவர்.
வாசல்வரை போய் இவர்தான் திரும்பினார்:
"வீட்டில் ஒரு மீன் இருக்கிறது."

மருத்துவர் படித்த எதிலும் அந்த மீன் இல்லை.
கூரையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.
"இரண்டு மீட்டர் தள்ளி இருங்கள்" என்றார்,
ஏதோ ஓர் எண் சொல்லியாக வேண்டுமே.

அன்றிலிருந்து தொட்டி என் பொறுப்பு.
ஷுப்ராவில், நாலாம் மாடியில்,
என் தையல் இயந்திரம் இருந்த இடத்தில்
முந்நூறு லிட்டர் நைல்.
உள்ளே ஒரு களிமண் குழாய்.
குழாய்க்குள் மின்கெளுத்தி.
ரஆத் என்கிறோம் நாங்கள், இடிக்காரன்.
இடி போலவா இருக்கிறது?
வேகவைத்து மறந்துபோன கத்தரிக்காய்க்கு
மீசை முளைத்தது போல.
இவர் அதனிடம் பேசும்போது
குரல் இறங்கும்.
என்னிடம் அந்தக் குரலில் பேசிப்
பதினோரு வருஷம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் மாற்றும் நாள்.
தரையில் சாக்கட்டிக் கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்வார்.
"ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினாயா?"
பிடுங்கினேன்.
"பம்ப்?"
அதுவும்.
"கை ஈரமா? துடை. அப்புறம் கையுறை.
முழங்கைக்கு மேலே வரட்டும்.
இரும்பு வாளி வேண்டாம், பிளாஸ்டிக்.
ஒரு கை போதும் தெமியானா,
மற்றது முதுகுக்குப் பின்னால்."

முதுகுக்குப் பின்னால் அந்தக் கை
என்னென்ன சைகை காட்டியது என்று
அவருக்குத் தெரியாது.

தடுப்பை இறக்கி அதை மூலைக்கு ஒதுக்கிய பிறகுதான்
ரப்பர் குழாய். வாயால் உறிஞ்சக் கூடாது.
கால் பங்குத் தண்ணீர், அதற்கு மேல் இல்லை.
ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து
குளோரின் வாசம் போன தண்ணீர்தான் உள்ளே போகும்.
இரவு பத்துக்கு மரக்குறட்டு நுனியில் ஓர் இறால்.

பாவம், தனியாக இருக்கிறதே,
துணைக்கு இன்னொரு மீன் விட்டால் என்ன என்று
முதல் மாதம் கேட்டேன்.
முன்பு ஒரு திலாப்பியா இருந்ததாம்.
"ஒரு ராத்திரி இருந்தது."

ஜூலையில் கரண்ட் போயிற்று.
மெட்ரோ நிலையம்வரை கறுப்பு.
விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் இருமி நின்றது.
தொட்டியில் குமிழிச் சத்தம் நின்றது.
அந்த இருட்டில் எங்கள் வீட்டில்
மின்சாரம் இருந்தது இரண்டே இடத்தில்:
நாற்காலியில் கொஞ்சம்,
குழாயில் கொஞ்சம்.
நடுவில் நான், மெழுகுவத்தியைத் துழாவிக்கொண்டு.

"மூச்சு முட்டிச் செத்துவிடும்" என்றார்.
எழுந்தார். செருப்பு நுனி கோட்டைத் தொட்டது.
"உட்காருங்கள்!" என்றேன்.
அவர் பயந்து உட்கார்ந்த அளவுக்குச் சொன்னேன்.
கையுறை மாட்டினேன்.
குவளையில் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றி,
சூட்டுப் பாலை ஆற்றுவது போல
மொண்டு, ஊற்றி, மொண்டு,
முக்கால் மணி நேரம்.

தடுப்பை இறக்க மறந்திருந்தேன்.
அது வெளியே வந்தது தெரியவில்லை.
சுட்டுவிரல் நுனியில் ஊசித் துளை இருந்ததும்.

எப்படிச் சொல்வது.
யாரோ என் எலும்பைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.
தோள்வரை ஏறி, கதவைத் தட்டி,
திறக்குமுன் இறங்கிப் போய்விட்டது.
குவளை விழுந்தது.
"என்ன?"
"வழுக்கிவிட்டது."

சொல்லியிருந்தால் மறுநாளே
யாருக்காவது கொடுத்திருப்பார்.
கொடுத்தால்தான் என்ன என்று
ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை
அன்றிரவு என்னால் கேட்க முடியவில்லை.
தோள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

காலையில் புதிதாக இரண்டு ஜோடி கையுறை வாங்கினேன்,
நான் முட்டாள் இல்லை.
ரசீதைப் பார்த்தார். "எதற்கு?"
"பழசாகிவிட்டது."

இப்போது அவர் கேட்பதற்குள்
தடுப்பு இறங்கியிருக்கிறது, பிளக் தரையில் கிடக்கிறது.
முதுகுக்குப் பின்னால் என் கை சும்மா இருக்கிறது.
கண்ணாடிக்குள் மீசை அசைகிறது.
நான் ஏதோ சொல்கிறேன் அதனிடம்.

"என்ன பேசுகிறாய், இங்கே கேட்கவில்லை"
என்கிறார் லபீப்,
கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.