மண் படாமல்

சேவுகன் ஆரப்பாளையம் டெப்போவில் கண்டக்டர்.
ஞாயிறு மதியம் அவருக்குப் படம் வேண்டும்,
கறுப்பு வெள்ளை, அதிலும் சண்டை இருந்தால் உத்தமம்.
எனக்கு முகங்கள் தெரியாது.
எவள் கதாநாயகி, எவள் தோழி, என்னிடம் கேட்காதீர்கள்.
நான் கைகளைப் பார்க்கிறேன்,
கைகளில் இருப்பதைப் பார்க்கிறேன்.
ரிசர்வ் லைன் ஆயுதக் கிடங்குச் சாவி
பதினேழு வருஷமாக என் இடுப்பில்.

"ஜமீன்தார் வச்சிருக்கது இரட்டைக்குழல்.
ரெண்டு சுத்தியலும் காது மாதிரி வெளிய நிக்குது பாருங்க,
அது நிஜம்.
அந்தப் பர்மாக்காரன் கையில மௌசர்,
அகப்பைக் காம்பு மாதிரி பிடி, அதுவும் நிஜம்.
அடியாளுக இடுப்புல இருக்கது மரம்.
வார்னிஷ் மினுங்குது."
"படத்தப் பாக்க விடுறியா?"

விடுகிறேன்.
நாயகன் ரிவால்வரை உருவுகிறான். வெப்ளி.
ஆறு அறை.
சத்தம் பிற்பாடு சேர்த்தது, கதவை அறைந்த மாதிரி.
ஒன்பதாவது குண்டுக்கு ஒருவன் மாடியிலிருந்து விழும்போது
நான் விரல் மடக்கிக்கொண்டிருப்பதை அவர் பார்த்துவிட்டார்.
"என்ன, கணக்கு இடிக்குதா?"

போன வாரம் பாளையக்காரர் கதை.
கோட்டை வாசலில் வெள்ளைத்துரை கையைத் தூக்க
முன்வரிசைச் சிப்பாய்கள் மண்டியிட்டுக் குறி வைக்கிறார்கள்.
வசனம் எந்த ஊரைச் சொன்னாலும்
பின்னால் படுத்துக் கிடப்பது நாகமலை.
சிப்பாய்கள் தோளில் போல்ட் வைத்த துப்பாக்கி;
அது பிறக்கவே இன்னும் நூறு வருஷம் கிடக்கிறது.
மொண்ணை மூக்கு, மூக்குக்கு மேலே ரெண்டு காது.
எங்கள் நானூற்றுப் பத்து மஸ்கட்.
மேகசீன் இருக்கும், உள்ளே மரக்கட்டை அடைத்திருக்கும்.
ஒவ்வொன்றாகத்தான் போட முடியும்.
கூட்டத்தைச் சுட இது போதும் என்று
எவரோ எப்போதோ முடிவு செய்த துப்பாக்கி.

சிரிக்கத்தான் வாயெடுத்தேன்.
அப்போது இடமிருந்து மூன்றாவது சிப்பாய் செத்தான்.

நெஞ்சில் ஈட்டி. முழங்கால் மடிகிறது,
தலைப்பாகை உருண்டு ஓடுகிறது,
முகம் போய்ப் புழுதியில் பதிகிறது,
வலது கை மட்டும் சாகவில்லை.
குழல் வாய் வானம் பார்க்க
துப்பாக்கியைத் தோளோடு சாய்த்து
மண் படாமல் பிடித்திருக்கிறது.
பின்வரிசைக்காரர்களோ
மரத்தை வீசிவிட்டு நிம்மதியாகச் செத்தார்கள்.

நடிகன் இப்படிச் சாக மாட்டான்.
சாயங்காலத்துக்குள் கிடங்கில் ஒப்படைக்க வேண்டியவன்,
வெந்நீர் ஊற்றி, கயிறு விட்டு இழுத்து,
வெள்ளைத் துணியில் ஒரு மணல் தெரிந்தாலும்
ஏட்டையாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறவன்,
அவன்தான் இப்படிச் சாவான்.

"நம்ம ஆளு" என்றேன்.
"யாரு?"
"செத்தவரு."

திங்கட்கிழமை பழைய பதிவேடுகளைப் பிரித்தேன்.
கரையான் தின்றது போக ஒரு பக்கம்:
படக் கம்பெனி பந்தோபஸ்து, நாகமலை அடிவாரம்.
மஸ்கட் பன்னிரண்டு, வெற்றுத்தோட்டா நாற்பது.
ஆள் பெயர் இல்லை, துப்பாக்கி நம்பர்கள் மட்டும்.
திரும்பியது பன்னிரண்டு. சுத்தம்.
தோட்டாக்கூடு ஒன்று குறைகிறது;
எதிரே பென்சிலில், "தேடப்படுகிறது".
அதன் கீழே வேறு கையெழுத்தில்,
"மறுநாளும் தேடப்பட்டது".

மூன்று பக்கம் தள்ளி
அதே பன்னிரண்டு நம்பர்கள். மழைக்காலத்துத் தேதி.
இடம், ஒரு மில் வாசல்.
திரும்பியது பன்னிரண்டு. சுத்தம்.
தோட்டா ஏழு குறைகிறது.
எதிரே ஒன்றும் எழுதவில்லை.

பதிவேட்டைக் கட்டி இருந்த இடத்தில் வைத்தேன்.
விரல் நுனியெல்லாம் கரையான் மண்.

இந்த ஞாயிறு குடும்பப் படம்.
மூன்று மருமகள்கள், ஒரு பீரோ, துப்பாக்கியே கிடையாது.
பாதிவரை பார்த்தேன்.
சேவுகன் ரெண்டு தடவை திரும்பி என் கையைப் பார்த்தார்.