மூன்றாம் முகம்

ஏழே முக்காலுக்கு வேலிப் பூட்டைத் திறந்தேன்.
உள்ளேயிருந்து ஒரு உடும்பு எழுந்து,
அவசரமில்லாமல் போனது.
ஒட்டுசுட்டானைத் தாண்டி நெடுங்கேணி றோட்டில் இறங்கி
குளக்கட்டோடு மூன்று கிலோமீற்றர்:
நாற்பத்தைந்து மீற்றர் ரவர், ஒரு கபினெற்,
இரண்டு வரிசை பற்றரி,
டீசல் களவு போன பிறகு வந்த இன்னொரு பூட்டு.

ரவருக்கு மூன்று முகம்.
ஒன்று சந்தியைப் பார்க்கும்.
மற்றது வயலையும் பள்ளிக்கூடத்தையும்.
மூன்றாவது காட்டை.
மூன்றாவதில்தான் நேற்று இரவிலிருந்து சிவப்பு.

கொழும்பில் திரைக்கு முன்னால் தினுக.
"சரிவராவிட்டால் கழற்றிவிடுவோம் அக்கே,
அந்தப் பக்கம் ஆளில்லைத்தானே"
என்று சிங்களத்தில் சொன்னான்.
கெட்டவனல்ல. அவனுக்கு வரைபடம் பச்சை.

கபினெற்றுக்குள் பல்லி முட்டை இரண்டு.
ஒதுக்கிவிட்டு லப்டொப்பைச் செருகினேன்.
மின்னழுத்தம் ஐம்பத்து மூன்று தசம் ஆறு. சரி.
விசிறி சரி. கடிகாரம் செய்மதியோடு ஒத்துப்போகிறது.
மூன்றாம் கேபிளில் மானியைப் பூட்டி
ஒரு அலையை மேலே அனுப்பினேன்.

இந்தச் சோதனைக்கு ஒரே விதி:
அனுப்பியது திரும்பி வரக்கூடாது.
திரும்பி வருவது குறையக் குறைய நல்லது.
இந்தப் பக்கத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

கோடு முப்பத்தொன்பதாவது மீற்றரில் நிமிர்ந்து நின்றது.
அயூரன் பட்டியை மாட்டிக்கொண்டு ஏறினான்.
ரேப் வெடித்து, கனெக்ரருக்குள் மார்கழி மழை.
"ஒரு கரண்டிகூட இல்லை அக்கா,"
மேலேயிருந்து கத்தினான்,
"அதுக்கே இவ்வளவு கூத்து. தள்ளி நில்லுங்கோ, ஸ்பனர் விழும்."
விழவில்லை.

அவன் இறங்கும்வரை பதிவுகளைப் புரட்டினேன்.
மூன்றாம் முகத்தில் நாளுக்கு ஒரு அழைப்பு.
எல்லாம் இரவு ஒன்றரையை ஒட்டி.
நாற்பது செக்கன்.
தூரப்படி ஒன்பது; படிக்கு ஐந்நூற்றைம்பது மீற்றர்.
நேற்று இரவு மட்டும்
பதினாறு முயற்சி, பதினாறும் தோல்வி.

திருத்தினால் ஓடிப் பார்க்கவேண்டும், அது சட்டம்.
பிக்கப் செம்மண்ணில் உதறி உதறிப் போனது.
வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்.
அதற்கு அப்பால், பாலைகளின் நடுவே ஒரு கட்டுக்கிணறு.
காடு கிணறு கட்டாது.
அயூரன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
நானும் மானியிலேயே கண்ணாயிருந்தேன்.

ஒன்பதாவது படியில் ஒரு கச்சான் தோட்டம்,
மருதமரத்தில் பரண், கீழே சாய்த்த லேடீஸ் சைக்கிள்.
பூலோகசிங்கம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.
"ராத்திரி முழுக்க அடிச்சுப் பாத்தன் பிள்ளை.
யானை வரேல்லை எண்டு ஒண்டரைக்குச் சொன்னாத்தான்
இவ படுப்பா. எடுபடேல்லை.
விடிய முதல், அந்தக் காட்டுக்குள்ளால,
உந்தச் சைக்கிள்ல வந்து நிக்கிறா."
"வராமல்?" என்றா அவ.

சோதனை அழைப்பு ஒன்று எடுக்கச் சொன்னேன்.
அவர் எடுத்தார்.
மூன்று முழத்துக்கு அங்கால் நின்றவவின் போன் அடித்தது.
முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு,
"ஹலோ, யானை வந்ததோ?"
"இல்லை."
"சாப்பிட்டீங்களோ?"
"இல்லை."
"சரி, வையுங்கோ."
பதினொரு செக்கன். இரைச்சலில்லை.
குரல் காட்டைக் கடந்து போய், காட்டைக் கடந்து வந்தது.
இது திரும்பி வரலாம்.

பின்னேரம் கபினெற்றடியில் அறிக்கை.
பாவனையாளர் எண்ணிக்கை: மென்பொருள் தானாகவே
ஒன்று என்று போட்டிருந்தது.
இரண்டு என்று திருத்தினேன். ஏற்கவில்லை.
குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
மூன்றாம் முகம் சுகம்.
கழற்ற வேண்டாம். கச்சான் பிடுங்க ஆறு கிழமை இருக்கு.
முட்டைகளைப் பழைய இடத்தில் வைத்துப் பூட்டினேன்.

பூட்டி முடிக்க தினுக எடுத்தான்.
"கச்சான் என்றால் என்ன அக்கே?"
சொன்னேன்.
"ஆ," என்றான், "வறுத்ததா?"
கழற்றுவதைப் பற்றி
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.