பரஞ்சோதியரின் வயலில் என் கச்சான்

கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்
பரஞ்சோதியர் சைக்கிள் கரியரில்
ஒரு யூரியாப் பையோடு வந்து இறங்கினார்.
பைக்குள் மண்.
"உன்ர தான் பிள்ளை, குறையுதோ எண்டு பார்."

என்னுடையதுதான்.
கிரவல் கலக்காத மேல்மண்,
கையில் மாவாய்க் குழைந்தது.
அதற்குள் இரண்டு கச்சான் முளை,
அவருடைய நெல்லுக்கு நடுவில் நின்று
இலை விட்டவை.

ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே என் காணி ஒரு ஏக்கர்,
குளத்தைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது.
மலையென்று யாரும் சொல்லமாட்டார்கள்.
மேல்வேலியில் ஒரு தேங்காயை விட்டால்
கீழ்வேலியில் எடுக்கலாம்,
அவ்வளவுதான்.
மழைக்கு அது போதும்.

புரட்டாதியில் கஜீபன்
மெசினை மேலிருந்து கீழே விட்டான்,
கீழிருந்து மேலே ஏற்றினான்.
"குறுக்கால உழுதால் திருப்புறதுக்கே
ஒரு மணித்தியாலம் கூடப் போகும் அக்கா,
டீசல் விலை தெரியும்தானே."
தெரியும்.
என் கையிலிருந்த காசும் தெரியும்.
அவன் போன பின் பார்த்தால்
சால் ஒவ்வொன்றும்
தண்ணீருக்கென்றே வெட்டிக்கொடுத்த வாய்க்கால்.

முன்பு இந்தச் சரிவின் இடுப்பில்
குறுக்கே ஒரு மண் அணை இருந்தது.
யாரைத் தடுக்க யார் போட்டது என்று
இங்கே எழுதப்போவதில்லை.
ஆளுயரம். உள்ளே பனங்குற்றி.
வெடி எடுத்தவர்கள் சிவப்புத் தலைக் குச்சிகளைப்
பிடுங்கிக்கொண்டு போன வருடம்
டோசர் பிடித்து நிரவினோம்.
அன்றிரவு நான் விடியும்வரை நித்திரை கொண்டேன்.

ஆனால் அது நின்ற நாட்களில்
அதன் மேற்பக்கம் முழங்கால் அளவுக்கு
மண் வந்து தங்கியிருந்தது.
சொல்லப் பிடிக்கவில்லை.
தங்கியிருந்தது.

கமக்காரர் கூட்டத்தில்
குளம் ஒரு அடி தூர்ந்துபோச்சு என்று வாசித்தார்கள்.
எல்லாரும் வானத்தைக் குறை சொன்னார்கள்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்,
ஓரத்தில் சிவப்பாய்க் காய்ந்திருந்தது.

பரஞ்சோதியர் தேத்தண்ணி குடித்தார்.
சீனி காணாது என்றார்.
இருபது பரப்பில் நெல் மூடுண்டு போனதை
இரண்டு தரம் சொன்னார்.
எழும்பும்போது பையைத் திருப்பிக் கேட்டார்.
எங்கே கொட்டுவது?
மேட்டில் கொட்டினால்
அடுத்த மழைக்கு அவரிடமே போய்ச் சேரும்.

மேசன் துரைராசாவிடம்
தண்ணீர் மட்டக் குழாய் கடன் வாங்கினேன்.
ஒரு நுனி என் கையில்,
மறு நுனி பரஞ்சோதியர் கையில்.
"அசையாமல் பிடியுங்கோ."
"நான் பிடிச்சபடிதான், உன்ர கைதான் ஆடுது."
மட்டம் கண்ட இடத்திலெல்லாம் ஒரு குச்சி அடித்தேன்.
ஒன்பதாவது குச்சியில் திரும்பிப் பார்த்தேன்.
சரிவின் குறுக்கே வரிசையாய்க் குச்சிகள்.
சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் இருந்தேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மண்வெட்டி.
முழங்காலுக்குக் கீழே ஒரு வரம்பு,
சின்னப்பிள்ளையும் தாண்டலாம்,
அதற்கு மேல் ஒரு கூடைகூடப் போடமாட்டேன்.
பையிலிருந்த மண்ணை அதன் மேற்பக்கம் கொட்டி
அந்த இரண்டு முளையையும் ஊன்றினேன்.

இரவு மழை.
ரோச் அடித்துப் போய்ப் பார்த்தேன்.
தண்ணீர் இன்னும் சிவப்பாய்த்தான் போகிறது,
நின்று நின்று.