மர வகையில் வரவு

பன்னிரண்டு வருஷமாய்ப் பரணில் கிடந்து
மார்கழிக்குப் பத்து நாள் கீழே இறங்கும் மரம்.
ஞானதுரை அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது.
இந்த வருஷம் பெட்டியைப் பிரித்தால்
உள்ளே ஆறு எலிக்குஞ்சு, கண் திறக்காதவை.
பச்சை பிளாஸ்டிக்கைக் கடித்துக் கடித்து
தாய் மெத்தை போட்டிருந்தது.
கோயில்பிள்ளை தங்கையா மூடியைத் திரும்ப வைத்து
"இது அதுக வீடுய்யா" என்றார்.

சேகரக் கூட்டத்தில் வாலிபர்கள் எழுந்தார்கள்.
"நிஜ மரமே வைப்போம்.
தெற்குவாசல்ல சவுக்கு, எட்டடி,
ரெண்டாயிரத்து முந்நூறு."
நான் பொருளாளர். நோட்டை விரித்தேன்.
ஓடு மாற்றியது போக
கையிருப்பு ஆயிரத்து நூற்று நாற்பது.
கேக்கும் அதில்தான், சீரியல் விளக்கும் அதில்தான்,
கரண்டு பில் பாக்கி வேறு.
"நட்சத்திரம் போதும்" என்று போதகர் ஜெபித்து முடித்தார்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிய பிள்ளைகள்
ஆமென் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில்
கள்ளிக்குடி ரோட்டிலிருந்து
ஒரு வேலிக்கருவை வந்தது.
வண்டி தெரியவில்லை, ஓட்டுகிறவன் தெரியவில்லை,
எக்ஸெல் சத்தத்தோடு
புதர் ஒன்று ஊருக்குள் நுழைந்தது.

யோபு. கரிமூட்டம் போடுகிறவன்.
கடைசி பெஞ்சுக்கும் பின்னால்
செருப்புகள் பக்கம் உட்காருவான்.
சந்தாப் பட்டியலில் பெயர் கிடையாது.
"சும்மாதான் கொண்டாந்தேன். முள்ளக் கழிக்கட்டுமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மில்லுக்குப் போகும் லாரிகள்
ரோட்டோரம் உரசி உரசி விட்டுப்போன பஞ்சு
முள்ளுக்கு முள் பிடித்திருந்தது.
மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கி
வருஷா வருஷம் பிய்த்துப் பிய்த்து ஒட்டுவோமே,
அதே வெள்ளை. சற்று டீசல் வாடை.

"ஒழிக்கச் சொன்ன மரம்யா இது,
ஊர்த் தண்ணியைக் குடிக்கிற மரம்"
என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார் ஆசீர்.
"டின்னுக்குள்ள நிக்கப்போகுது,
என்னத்தக் குடிக்கும் சார்?"
யார் சொன்னது என்று இன்னும் தெரியாது.

எண்ணெய் டின்னில் மணலைக் கொட்டி
பீடத்துக்கு இடப்பக்கம் நிறுத்தினோம்.
இருபது பலூன் கட்டியதில்
முதல் கீதம் முடியுமுன் ஏழு வெடித்தது.
பொடி இலை உதிர்ந்து உதிர்ந்து
காணிக்கைத் தட்டு வரைக்கும் வந்தது.
நட்சத்திரம் கட்டும்போது என் குதிகாலில் ஏறிய முள்
செருப்பையும் துளைத்த முள்.

பிரசங்கத்தில் போதகர் முள்முடிக்கு வந்தார்.
வரத்தான் செய்வார்.
எனக்கு ஒட்டவில்லை.
பிறந்து ஒரு ராத்திரி ஆகவில்லை பிள்ளைக்கு,
அதற்குள் எதற்கு அந்தப் பேச்சு?
அப்போதுதான் பக்கவாசலில் சலசலப்பு.
நெற்று வாசம் பிடித்து வந்த வெள்ளாடு ஒன்று
பின்னங்காலில் எழும்பி
மரத்தைத் தின்றுகொண்டிருந்தது.
விரட்டப்போன தங்கையாவின் வேட்டியைப்
பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.
மேய்ப்பர் வேஷம் கட்டிய நாலு பேருக்கும்
அன்றைக்குத்தான் ஆடு கிடைத்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் யோபு வந்து
மரத்தை மூட்டத்துக்கு எடுத்துப்போனான்.
பிறகொரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும்
கரி படிந்த தாளில் மடித்துக் கொடுத்தான்.
மூணேகால் கிலோ. எண்பத்தோரு ரூபாய்.
"அது கோயில் மரம்லக்கா."

எழுதினேன்: மர வகையில் வரவு, எண்பத்தொன்று.
இடப்பக்கத்தில்.
இத்தனை வருஷக் கணக்கில்
மரம் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
பேனா முனையை அந்த வரியில் வைத்தார்.
"மரம் எப்படிம்மா வரவாகும்?
ரசீது இருக்கா?"

செருப்பைக் கழற்றிக்
குதிகாலைக் காட்டினேன்.